பதிமூன்றுக்குப் பத்து

பெட்ரோல் பங்க்கில் கபடி ஆட்டக்காரன் சித்திரைவேல் ஒருவரைப் பிடித்துத் தள்ளிய மறுநாள், கபடி லீக்காரர்கள் ஆடுகளத்தின் எல்லைக்கோட்டை அவன் வீட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டார்கள். கோடு போடும் பாண்டி தகர டப்பாவும் சுண்ணாம்புத்தூளுமாகக் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். பஸ் நிலையம், தபால் ஆபீஸ், மாதா கோவில் தெரு எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஊரைச் சுற்றிக் கோடு போட்டு முடிக்க மதியம் ஆயிற்று. சித்திரைவேலின் மனைவி ராஜகனி அவருக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தாள்.

லீக் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கோட்டுக்குள் செய்யும் தப்புக்குத்தான் ஆட்டக்காரனைத் தண்டிக்கலாம் என்று விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. விதியை மாற்றப் பொதுக்குழு கூட வேண்டும். கோட்டை மாற்ற நாலு மூட்டைச் சுண்ணாம்புத்தூள் போதும்.

பங்க்கில் நடந்ததற்கு ராஜகனி அன்றைக்கே தீர்ப்பு சொல்லியிருந்தாள். வரிசைக்குக் குறுக்கே வண்டியை விட்டது ஜெபசிங்தான்; ஆனாலும் முழங்கை தேயும்படியா ஒரு மனிதனைத் தள்ளுவது? மூன்று நாள் வீட்டில் மீன் கிடையாது என்றாள். தலைச்சுமையாக முருங்கைக்காய் விற்று, அடிபட்டு, ஏமாந்து, இன்றைக்குச் சொந்தமாக மண்டி வைத்திருப்பவள். அவள் சொன்னால் சொன்னதுதான். சித்திரைவேலும் மூன்று நாளும் ரசத்தோடு நிறுத்திக்கொண்டான்.

அடுத்து நடுவர் வந்தார். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு எச்சரிக்கையாகப் பச்சை அட்டை காட்டினார். வீட்டில் படுத்துக்கொண்டே அம்மாவிடம் போனில் "பஸ்ஸுல இருக்கேம்மா" என்று சொன்னதற்கு மஞ்சள். அதற்காகச் சித்திரைவேல் வாசலுக்கு வெளியே போய் உட்கார வேண்டியதாயிற்று. கபடியில் வெளியேறியவன் தன் அணிக்கு ஒரு பாயிண்ட் கிடைத்தால்தான் மறுபடி உள்ளே வர முடியும். நல்லவேளை, பத்தாவது நிமிஷம் பால்காரர் வந்தார். ராஜகனி பாலில் தண்ணீரைக் கண்டுபிடித்து அவரைக் கேட்டைத் தாண்டவிடாமல் மடக்கினாள். நடுவர் விசில் ஊதி ஒரு பாயிண்ட் கொடுத்தார். சித்திரைவேல் உள்ளே வந்து காபி குடித்தான்.

இன்னொரு அட்டை விழுந்தால் அது சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் அவன் இறங்க முடியாது. அவனுக்கு முப்பத்துநாலு வயது, வலது முழங்கால் படி ஏறும்போதெல்லாம் சத்தம் போடுகிறது. இந்த ஞாயிறு இல்லையென்றால் இனி எந்த ஞாயிறும் இல்லை.

ஆகவே ராஜகனி வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமான பதினோரு வருஷமாக அவர்கள் காலையில் சண்டை போடாத நாள் இல்லை. அவள் பத்து சொல்வாள், அவன் ஒன்று சொல்வான், அந்த ஒன்றில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். இப்போது அந்த ஒன்றுக்குத்தான் அட்டை. வியாழக்கிழமைக்குள் வீட்டில் கரண்டி விழுந்தாலும் கேட்கிற அளவுக்கு அமைதி வந்துவிட்டது. சித்திரைவேலுக்குச் சோறு இறங்கவில்லை.

"திட்டு கனி. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றான்.

"பதில் சொல்லாத ஆளத் திட்டுறதுக்கு நான் செவுத்தத் திட்டிட்டுப் போறேன்" என்றாள் அவள், மெதுவாக.

அன்று சாயங்காலம் அவன் ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஜெபசிங் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனான். வாயைத் திறப்பதற்குள், பின்னாலேயே வந்த நடுவர் விசிலை எடுத்தார். கோட்டுக்குள் மன்னிப்புக் கேட்பது எதிரணிக்கு ஒரு பாயிண்ட். ஜெபசிங்குக்கு அணி ஏது? ஆனாலும் பாயிண்ட் பாயிண்ட்தான். அவர் கட்டுப்போட்ட கையால் ஆரஞ்சுப் பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் தம்பி. பாயிண்டுக்காக வாங்குன மாதிரி ஆயிரும்லா."

வெறும் வயிற்றோடும் ஆரஞ்சோடும் அவன் திரும்பி வந்ததைப் பார்த்த ராஜகனிக்கு எங்கிருந்தோ கோபம் ஏறியது. மறுநாள் மண்டியைப் பாதியில் போட்டுவிட்டு லீக் ஆபீசுக்கு நடந்தாள்.

ஒழுங்கு அதிகாரி நெல்லைநாயகம் நிதானமானவர். நாற்காலி காட்டினார், தண்ணீர் கொடுத்தார்.

"பங்க்குல அன்னைக்கு நாலு பிள்ளைங்க நின்னாங்கம்மா. நாலு பேரும் உங்க வீட்டுக்காரர் நம்பர் போட்ட பனியன். மறுநாளே பள்ளிக்கூடக் குழாயடியில ஒருத்தன ஒருத்தன் தள்ளிக்கிட்டு விழுந்திருக்கான். நாங்க பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கணுமா?"

"நியாயந்தான்" என்றாள் ராஜகனி. பேரத்தில் முதல் அடியை எப்போதும் விட்டுக்கொடுப்பாள். "தப்பு தப்புதான், நான் இல்லேங்கல. ஆனா ஒரு மனுசனுக்கு வெளியேன்னு ஒரு எடம் வேணும்லா? கெட்டுப்போறதுக்கு இல்லேன்னாலும் நல்லவனாகுறதுக்காவது வேணும்லா?"

நெல்லைநாயகம் யோசித்தார். "எவ்வளவு வேணும்?"

"வீடு முழுக்க. கொல்லையும் சேத்து."

"வாசப்படி தாரேன்."

"வாசப்படில ஒரு ஆளு உக்காந்தா இன்னொரு ஆளு நிக்கணும். அதுல எங்கெருந்து சண்டை போட? வீடு, கொல்லை, மாட்டுத்தொழுவம்."

"கூட்டிக்கிட்டே போறீங்களேம்மா" என்று அவர் மேசையில் கையால் தட்டினார்.

"நீரு கொறைச்சா நான் கூட்டுவேன் அண்ணாச்சி. மேசையில கை தட்டாதேயும், எனக்குந் தட்டத் தெரியும்!" என்று ஒரு தட்டு தட்டினாள். தண்ணீர் டம்ளர் நகர்ந்தது. பிறகு எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாள். மூன்றாவது எட்டில் கூப்பிடுவார் என்று அவளுக்குத் தெரியும். கூப்பிட்டார்.

"பதிமூணு மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். அதுக்கு மேல ஒரு சாண் கெடையாது. எங்க வேணும்னு நீங்களே காட்டுங்க." அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே அளவு அதுதான்.

ராஜகனி பாண்டியைக் கூட்டிக்கொண்டு அளவு நாடாவோடு ஊரெல்லாம் சுற்றினாள். அவள் வீடே ஆறு மீட்டர் அகலம்தான். மற்ற இடங்களில் சுவர் குறுக்கே வந்தது, அடிபம்ப் வந்தது, யாரோ ஒருவருடைய மாடு படுத்திருந்தது. கடைசியில் பாண்டி ஒரு இடத்தில் நின்று டப்பாவைக் கீழே வைத்தார். மேடு பள்ளம் இல்லாத மண். பதிமூன்றுக்குப் பத்து. சுற்றிலும் ஏற்கெனவே வெள்ளைக்கோடு இருந்தது, நடுவில்கூட ஒன்று இருந்தது. ஊர் எப்போதும் ஆடுகிற அதே பழைய கபடிக் களம்.

"இதான்" என்றாள் ராஜகனி. நெல்லைநாயகம் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் அங்கேதான், எல்லாம் ஒழுங்காக நடந்தது. களம் இப்போது கோட்டுக்கு வெளியே. அங்கே நடப்பது அவரவர் சொந்த விஷயம். அதனால் நடுவர்கள் நாற்காலிகளைத் தெருவைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்கள். டிக்கெட் வாங்கிய இரண்டாயிரம் பேரும் களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். ஆறாம் நம்பர் பஸ்ஸை டிரைவர் ஒரே மடக்கில் பின்னால் எடுத்து நிறுத்தியபோது கைதட்டல் ஊரை அதிர வைத்தது.

களத்தில் இரண்டு அணிகளும் தாங்களாகவே ஆடிக்கொண்டார்கள். தொடப்பட்டவன் தானே கையைத் தூக்கினான். "என் காலு கோட்டத் தாண்டிட்டு" என்று எதிரணிக் கேப்டனே சொல்லிவிட்டு நடந்தான்.

இடைவேளையில் ஜெபசிங் கோட்டைத் தாண்டி வந்து நின்றார். சித்திரைவேல் அவர் முழங்கையைத் தொட்டுப் பார்த்தான்.

"நான் செஞ்சது தப்பு அண்ணே."

"நான் குறுக்க வந்ததுந் தப்புதாம்டே. ஆரஞ்சு இருக்கா?"

இருந்தது. இரண்டு அணியும் ஆளுக்கு ஒரு சுளை தின்றார்கள். அப்போது ராஜகனி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். ஈரத் துண்டில் ஆரம்பித்து, அம்மாவிடம் சொன்ன பொய்க்குப் போய், பாதியில் நின்றுபோன தேனிலவு வரைக்கும் மூச்சுவிடாமல் கத்தினாள். பதினாலு ஆட்டக்காரர்களும் மரியாதையாகத் தண்ணீர் குடித்தார்கள்.

"இம்புட்டு மூச்சு இருக்கே, நீயே ரெய்டு போயேன் கனி" என்றான் சித்திரைவேல்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு நாள் சிரிப்பு.

கடைசி ரெய்டு அவனுடையது. இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்தான். மேலே ஐந்து பேர் விழுந்தார்கள். அவன் விரல் கோட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. பார்க்க யாரும் இல்லை, ராஜகனியைத் தவிர. அவன் தலையைத் தூக்கி விரலைப் பார்த்தான்.

"ஒரு வெரக்கடை கொறையுது" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினான்.

ஒரு விரற்கடைக்காகச் சந்தையையே கிடுகிடுக்க வைக்கக்கூடியவள் ராஜகனி. இப்போது கிட்டே போய் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

கோப்பையை ஆறாம் நம்பர் பஸ் டிரைவருக்குக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை களத்து வாசலில் வரிசை தபால் ஆபீஸ்வரைக்கும் நின்றது. வெளியே போக ஊரில் வேறு இடம் இல்லை. ராஜகனி ஸ்டூலில் உட்கார்ந்து, அழ வந்தவர்களுக்கும் பொய் சொல்ல வந்தவர்களுக்கும் நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வரிசையில் குறுக்கே யாரும் நுழையாமல் ஜெபசிங் பார்த்துக்கொண்டார். பதினேழாவதாக நெல்லைநாயகம் வந்தார். பின்னால் அவர் மனைவி, கையில் ஒரு ஈரத் துண்டோடு.

"எங்களுக்கு அரை மணி நேரம்" என்றார் அவர்.

"கால் மணி" என்றாள் ராஜகனி.