மார்லிஸுக்கு ஓர் இடக்கை கிட்டார்

எங்கள் இசைக்குழுவில் மார்லிஸ் டெஸ்மரின் இடத்துக்கு டுவேன் போட்ட விலை, மாலைக்கு எழுபத்தைந்து டாலரும் ஒரு தட்டு வறுத்த மீனும். அந்தக் கூலிக்கு பேஸ் கிட்டார் வாசிக்க ஃபாண்டு லாக் ஊரில் ஒரு பல் டாக்டர் தயாராக இருந்தார். வலது கைக்காரர், சொந்த வண்டி வைத்திருப்பவர், குடிக்காதவர். பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளையைப் புகழ்வதுபோல டுவேன் இதையெல்லாம் என்னிடம் சொன்னான்.

டுவேன் எங்கள் பாடகன். குழுவின் பெயர் தி ஸ்னோ டயர்ஸ். நான்கு பேர். அறுபதுகளின் பாட்டுகளை மட்டும் வாசிப்போம். வெள்ளிக்கிழமைகளில் ஷெபாய்கனில் மீன் வறுக்கிற கிளப்புகளில், கோடையில் கல்யாணங்களிலும் மாவட்டச் சந்தைத் திருவிழாவிலும். எல்லாருக்கும் ஒரே மாதிரி சிவப்புக் கோட்டு. வருடா வருடம் பொத்தான்தான் எட்ட மாட்டேன் என்கிறது. நான் லைல் குபியாக், டிரம்ஸ். தாத்தா குதிரை விற்றார், அப்பா டிராக்டர் விற்றார், நான் பழைய கார் விற்கிறேன்.

மார்லிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இடது கைக்காரி. பதினெட்டு வயதில், அண்ணன் கடற்படையில் சேர்ந்தபோது விட்டுப்போன பேஸ் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து வாசிக்கப் பழகிக்கொண்டாள். வலது கைக்குச் செய்ததை அப்படித் திருப்பினால் தோள் வாரை மாட்டுகிற கொம்பு தப்பான பக்கம் போய்விடும். கிட்டாரின் கழுத்து தரையைப் பார்த்துச் சாயும். அதை நாற்பத்து நான்கு வருடமாக வலது கையால் தூக்கிப் பிடித்தே வாசித்தாள். இப்போது அந்த மணிக்கட்டு வீங்கிவிட்டது. தூக்குவதை நிறுத்து, இல்லை வாசிப்பதை நிறுத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். சந்தைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"சந்தைக்கு மட்டும்தான்டா அந்தப் பல் டாக்டர்," என்றான் டுவேன். "தற்காலிகமா."

தற்காலிகமாக மாட்டிய உதிரிபாகம் எதையும் நான் பிறகு கழற்றிப் பார்த்ததில்லை.

"இடது கைக்குன்னே செஞ்ச பேஸ் வாங்கிடலாம்," என்றேன். "நேராத் தொங்கும். அவ கைக்கு வேலையே இருக்காது."

"வாங்கறதுன்னா வயலின் மாதிரி இருக்குமே, அதை வாங்குடா," என்றான் டுவேன். "பார்க்கிறவங்களுக்கு அந்தக் காலம் ஞாபகம் வரும்."

சனிக்கிழமை மார்லிஸை ஏற்றிக்கொண்டு ஆஷ்காஷுக்குப் போனேன். அங்கே பழைய வாத்தியங்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. வழியிலேயே அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

"எதையும் தொடாத. ஒரு தடவை சுத்திப் பாரு, அப்புறம் ஜன்னல்கிட்ட போய் நில்லு. சலிச்சுப்போன மாதிரி மூஞ்சிய வெச்சுக்க. ஆசைப்பட்டுத் தடவிப் பார்த்தேன்னு வை, அங்கயே நூறு டாலர் ஏறிடும்."

"பஸ்ல அறுவது பிள்ளைங்களோட போறவ நான். சலிச்ச மூஞ்சி எனக்கு நீ சொல்லித் தரணுமா?"

கடைக்காரர் பெயர் ஓரின். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்த மெலிந்த மனிதர். வலது கைக்காரர்களுக்கு நான்கு சுவர். இடது கைக்காரர்களுக்குக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் மூன்று கொக்கி. ஒன்றில் டுவேன் சொன்ன வயலின் வடிவம், இன்னொன்றில் ஊதா நிறத்தில் ஏதோ ஒன்று. மூன்றாவது, நடுவில் தேன் நிறமும் ஓரத்தில் கருப்புமாக இருந்த பழைய பாணி பேஸ்.

"டுவேன் கேட்டது அதோ இருக்கு," என்று கிசுகிசுத்தேன்.

"நான் வேஷம் கட்டப் போறேனா, வாசிக்கப் போறேனா?" என்றுவிட்டு ஜன்னலுக்கு நடந்தாள். தேன் நிறத்தைத் தாண்டும்போது அவள் இடது தோள் கொஞ்சம் இறங்கியது. பாட்டில் பிடித்த இடம் வரும்போது மட்டும் அப்படி இறங்கும். எனக்கு அது போதும்.

பக்கத்தில் தொங்கிய, வட்ட முகம் கொண்ட பான்ஜோ வாத்தியத்தைப் பார்த்துக்கொண்டே விலை கேட்டேன்.

"தொள்ளாயிரம்."

"பான்ஜோ இல்லீங்க. அந்தப் பழசு."

"பழசுதான் தொள்ளாயிரம். பான்ஜோவ எடுத்துட்டுப் போறதா இருந்தா நானே உங்களுக்குக் காசு தர்றேன்."

விஷயம் தெரிந்தவர். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"ஊர்ல பத்துப் பேருக்கு ஒருத்தர்தான் இடது கை. அதுல பேஸ் வாசிக்கிறவங்க எத்தன பேர்? சுவத்தப் பாருங்க, அது தொங்கற இடம் மட்டும் வெளுக்காம இருக்கு. அஞ்சு வருஷமாவது இருக்கும். அறுநூறு."

"பத்துக்கு ஒருத்தர்தான். ஆனா அந்த ஒருத்தருக்கு வேற கடை ஏது? மில்வாக்கி வரைக்கும் போங்க, ரெண்டு கிடைக்கும். ரெண்டும் ஊதா. யாருக்கு வாங்கறீங்க?"

"மச்சானுக்கு. அவனுக்கே பெரிசா ஆசை ஒண்ணும் இல்ல."

ஜன்னலோரம் மார்லிஸ் இருமினாள்.

எண்ணூற்று இருபதுக்கு அவர் இறங்கினார், அறுநூற்று அறுபதுக்கு நான் ஏறினேன். நான் ஒரு தடவை கதவு வரை போய்த் திரும்பினேன். எழுநூற்று இருபதில் இருவரும் நின்றோம். கை குலுக்கினோம், ரொக்கத்தை எண்ணி வைத்தேன். கை குலுக்கிய பிறகு பேச்சு மாறுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவரிடமும் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"இப்ப வா," என்றேன்.

மார்லிஸ் அதைத் தோளில் மாட்டினாள். வலது கையை மெல்ல எடுத்தாள். கழுத்து அசையவில்லை. மறுபடி பிடித்து மறுபடி விட்டாள். அவள் முகத்தைப் பார்த்த ஓரின், நூற்று எண்பது டாலர் போன இடம் தெரிந்ததுபோல என்னைப் பார்த்தார்.

அப்புறம் வாசித்தாள். நாங்கள் எப்போதும் முதலில் வாசிக்கிற பாட்டு. வந்தது பாட்டே இல்லை; மாடிப்படியில் பாத்திரக்கூடை உருண்ட சத்தம். நிறுத்தி, விரலைப் பார்த்து, மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் அதே சத்தம்.

"ஏம்மா," என்றார் ஓரின். "வலது கை கிட்டாரத் திருப்பிப் பிடிச்சுக் கத்துக்கிட்டவங்களா நீங்க?"

"ஆமா."

"கம்பிய மாத்திக் கட்டல?"

"எதுக்கு மாத்தணும்?"

ஓரின் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். திருப்பிப் பிடித்த கிட்டாரில் தடித்த தந்தி கீழே முழங்கால் பக்கம் இருக்கும். இடது கைக்கென்று முறையாகச் செய்ததில் அது மேலே தாடைப் பக்கம். மார்லிஸின் விரல்களுக்குத் தெரிந்த ஊர் முழுவதும் தலைகீழாகிவிட்டது.

"லைல், இருபத்திரண்டு வருஷமா என்கூட வாசிக்கிற. உனக்குத் தெரியாதா?"

"நான் பின்னால உக்கார்றவன். உன் முதுகத்தானே பார்த்திருக்கேன். நீ ஏன் சொல்லல?"

"இடக்கைன்னு சொன்னாங்க, என்னோடதும் இடக்கை, எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சேன். கையில எடுத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். தொடக் கூடாதுன்னு சொன்னது யாரு?"



அவள் கிட்டாரை மேசைமேல் வைத்தாள், மெதுவாக. "மூணு வாரத்துல நான் புதுசாப் பொறந்து வர முடியாது. அந்தப் பல்லு டாக்டர வரச் சொல்லிடு," என்றுவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள்.

அவளுக்குப் பதிலாக ஒரு பல் டாக்டரின் முதுகை நினைத்துப் பார்த்தேன். இரண்டு பாட்டுக்கு மேல் எனக்குத் தாங்காது.

"கம்பிய அவ வழக்கப்படி மாத்தி மாட்ட முடியாதா?" என்று கேட்டேன்.

"சும்மா மாட்டுனா நிக்காது. தலைமாட்டுல கம்பி உக்கார்ற எலும்புத் துண்டு இருக்கு பாருங்க, அதுல குழி ஒவ்வொண்ணும் அதது தடிப்புக்கு வெட்டினது. புதுசா ஒண்ணு செதுக்கணும். அடிப்பக்கத்தையும் சரி பண்ணணும்."

"எவ்வளவு?"

ஓரின் என்னைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே காரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவசரப்படவே இல்லை.

"நூத்தி எண்பது."

வேறு நாளாக இருந்தால் நாற்பதில் ஆரம்பித்திருப்பேன்.

"எத்தன மணிக்கு ஆகும்?"

"மச்சானுக்கு ஆசை இல்லேன்னீங்களே?"

"மச்சானே கிடையாதுங்க."

"நாலு மணிக்கு வாங்க," என்றார் ஓரின். எண்ணிக்கூடப் பார்க்காமல் பணத்தைப் பெட்டியில் போட்டார்.

காரின் கதவைத் திறந்தேன். "இறங்கு. நாலு மணி வரைக்கும் எங்கயாவது சாப்பிட்டுட்டு இருக்கணும்."

விவரத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஏரிக்கரையில் வறுத்த சீஸைக் கொறித்துக்கொண்டே கேட்டாள்: "உடம்பு இடது கைக்கு, கம்பி வலது கைக்கு. அதை எவன் வாங்குவான் அப்புறம்?"

"எவனும் வாங்க மாட்டான்."

"கார் விக்கிறவன் பேசற பேச்சா இது?"

நாலு மணிக்கு அதை மாட்டிக்கொண்டு அதே பாட்டை வாசித்தாள். ஓரின் காலால் தாளம் போட்டார். பாட்டின் நடுவில் அவள் வலது கையை எடுத்து உதறினாள். கிட்டார் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு ஒருவரும் பார்க்காத மாதிரி அந்தத் தேன் நிறத்தை ஒரு தடவை தடவிக்கொண்டாள். ஓரினும் நானும் பான்ஜோவைப் பார்த்தோம்.

சந்தையன்று டுவேன் அதைப் பார்த்ததும், "வயலின் மாதிரி இல்லையே," என்றான். முதல் பாட்டு முடிந்ததும் வாயை மூடிக்கொண்டான். எனக்குத்தான் சிரமமாகிவிட்டது. பாரம் தூக்கிச் சாயாமல் வலது தோள் நிமிர்ந்த அந்த முதுகு யாருடையது என்று பழக இரண்டு பாட்டு ஆயிற்று.

முடிந்ததும் வண்டியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். கிட்டார் எழுநூற்று இருபது. செதுக்குக் கூலி நூற்று எண்பது. ஆக, தொள்ளாயிரம். மார்லிஸ் போட்டது முந்நூறு. டுவேனும் கீபோர்டு வாசிக்கிற எல்ராயும் ஆளுக்கு ஐம்பது. மிச்சம் ஐந்நூறு என் கைப்பணம். சாப்பாட்டையும் பெட்ரோலையும் நான் எழுதவில்லை.

"உன் ஐந்நூற அடைக்க, கச்சேரிக்கு அம்பது தர்றேன்," என்றாள் மார்லிஸ். "பத்துல தீந்துடும்."

"அம்பதா? ரொம்ப ஜாஸ்தி. அஞ்சு குடு."

"அஞ்சுன்னா நூறு கச்சேரி ஆகும்யா! எனக்கு அறுபத்திரண்டு வயசு. முப்பது."

"ஏழு."

"இருபது. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்."

எழுந்து டிரம்ஸைக் கட்டப் போவதுபோலப் போனேன். அவள் கூப்பிடட்டும் என்று நின்றேன்.

"சரி, வந்து தொலை. பத்து."

கை குலுக்கினோம். அவள் அன்றைய கூலியிலிருந்து ஒரு நோட்டை உருவிக் கொடுத்தாள். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். வரவு பத்து டாலர். பாக்கி நானூற்றுத் தொண்ணூறு. இன்னும் கச்சேரி நாற்பத்தொன்பது.