பன்றிப் படுக்கை

சப்பாத்தைக் கழற்றிப் பார்த்த ஹில்மிக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. காலில் மாட்டியிருந்த மேஸ் முழுக்க இரத்தம். அதையும் உரித்தான். விரலிடுக்குகளில் ஊதிப்போன அட்டைகள் தொங்கின.

வத்தேகமையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன் அவன். நீர்வீழ்ச்சி பார்க்கும் ஆசையில், ஜனவரிக் குளிரில் நக்கிள்ஸ் காட்டுக்கு வந்திருந்தான். கூட்டி வந்தவன் தேயிலைத் தோட்டத்து ரமேஸ். பகல் ஒரு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. “இது ஆள் போற பாத மாதிரி தெரியலையே நானா” என்று ரமேஸ் இழுத்தான். “நல்லா மிதிபட்டு ஈக்கிதே, நட” என்று பிடிவாதம் பிடித்தவன் ஹில்மிதான்.

மிதித்தது யாரென்று நாலு மணிக்குத் தெரிந்தது. பாதை ஒரு பாறைக்கடியில் போய் முடிந்தது. அங்கே புல்லும் சருகும் இடுப்பளவு குவிந்து, நடுவில் குழி விழுந்து கிடந்தது. மூத்திர நாற்றம் மூக்கைப் பொத்த வைத்தது.

ரமேஸ் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தான். “சூடில்ல. காட்டுப் பன்னி குட்டி போட்டுட்டுக் கெளம்பிப் போயிருச்சி. சருகு காஞ்சிதான் கெடக்கு. உள்ள போங்க நானா.”

“பன்டிட இதுக்குள்ளயா? மவுத்தானாலும் போக மாட்டன்.”

“மவுத்தாத்தான் போவீங்க. அனீஸா அக்காகிட்ட போய் நான் என்னன்னு சொல்றது?”

உயிர் போகும் நேரத்தில் விலக்கப்பட்டதும் ஆகும் என்று பள்ளிவாசல் ஹசரத் சொன்னது ஹில்மிக்கு ஞாபகம் இருந்தது. மார்க்கம் விட்டாலும் வயிறு விடவில்லையே. மூடுபனியில் நனைந்த உடுப்போடு வெளியிலேயே குந்திக்கொண்டான். காற்று அறுத்தது. பல் அடித்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

“இப்ப குளிர் இல்ல மச்சான்” என்று சிரித்தான்.

ரமேஸின் முகம் மாறிவிட்டது. “குளிர் தெரியலன்னா ஆள் போகப் போறான்னு அர்த்தம்” என்று ஹில்மியின் ஈரச் சட்டையை உருவி எறிந்தான். கொலரைப் பிடிக்கச் சட்டையில்லை என்பதால் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக் குழிக்குள் தள்ளி, தானும் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தான். சருகை வாரி மேலே மூடினான். பன்றி மயிர் ஹில்மியின் உதட்டில் ஒட்டியது. வாந்தி எடுத்தான். எடுத்த இடத்திலேயே கிடந்தான்.

விடிய மூடுபனி கலைந்தது. கீழே தேயிலையும் ரோட்டும் தெரிந்தன. தட்டுத் தடுமாறி இறங்கிவிட்டார்கள்.

வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் அவன் மனைவி அனீஸா வாளி வாளியாக ஊற்றினாள். பன்றி பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் போட்டு. எட்டாவது தடவைக்கும் அவன் மண்ணை அள்ளினான்.

“போதும், ஏழும் முடிஞ்சிட்டுதே. தோல் உரியப் போகுது. ராவைக்கு மிச்சம் கஷ்டமா ஈந்திச்சா?”

ஹில்மி மண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். விடியப்புறம் விழிப்பு வந்ததும், ரமேஸ் விலக்கிய சருகைத் தன் கையாலேயே இழுத்து மூக்குவரை போர்த்திக்கொண்டது ஞாபகம் வந்தது.

“இல்ல. நல்ல சூடா ஈந்திச்சி” என்றான். பிறகு காறித் துப்பினான்.