ஏழு பேர் பட்டாளம்

விடிவதற்குள் ரோமாபுரிப் படையைத் துவைத்து முடித்தாக வேண்டும். இத்தாலியத் துறைமுக ஊரான லிவோர்னோவின் கால்வாய்க் கரையில், பிப்ரவரிக் குளிரில், செலிந்தா ஒரு தளபதியின் அங்கியைக் கல்லில் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். சாம்பல் காரம் விரல் வெடிப்புகளில் இறங்கி எரிந்தது. முகச்சாயமும் வியர்வையும் ஊறிப்போன கழுத்துப்பட்டி எத்தனை அடித்தாலும் வெளுப்பதாயில்லை.

ஊர் இசைநாடகக் கம்பெனியில் அவளுக்குத் துவைக்கிற வேலை மட்டுமல்ல. இரண்டாம் அங்கத்தில் வெற்றிப் படை ஊர்வலம் வரும். இடப்பக்கம் நுழைந்து வலப்பக்கம் மறைகிற வீரர்கள், பின்திரைக்குப் பின்னால் இருட்டில் ஓடி மறுபடி இடப்பக்கம் வருவார்கள். நடுவழியில் செலிந்தா கூடையோடு நிற்பாள். சிவப்பு அங்கியை உருவி நீலத்தை மாட்டி, ஒரு தாடியையும் ஒட்டி, மீன்கூடை சுமக்கிறவனைச் சேனாதிபதியாக்கி அனுப்புவாள். மேல்மாடத்தில் உட்கார்ந்திருக்கும் தெருக்காரர்களுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஒரே மூக்கு மூன்று தாடியோடு வந்தால் யாருக்குத்தான் தெரியாது? கௌரவமாகக் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள்.

கம்பெனிக்கு இது நூறாவது வருஷம். முதலாளி பின்டி அந்த வரலாற்றைப் பளிங்கில் செதுக்கி வாசலில் பதித்திருந்தார். எந்தப் பாடகி பாடினாள், எந்தப் பிரபு கைகொடுத்தார், எல்லாம் அதில் உண்டு. காலரா வருஷத்தில் கோரஸ் பாடியவர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கருவாடு அளந்தது மட்டும் இல்லை. வசூலோடு ஜெனோவாவுக்குக் கப்பலேறிய முதலாளிகளின் பெயர்கள் இருந்தன, கப்பல் ஏறியது இல்லை. நமக்கேன் வம்பு.

நூற்றாண்டு விழாச் சுவரொட்டியில் ‘நூறு வீரர்கள்’ என்று போட்டிருந்தது. வழக்கமாக ஓடுகிறவர்கள் பதினாறு பேர். விழாச் செலவு கூடிவிட்டதென்று பின்டி அதை எட்டாக்கினார். ஓட்டம் இரட்டித்தது, கூலி ஏறவில்லை. திரைக்குப் பின்னால் எரிந்த ஒற்றை விளக்கும் எண்ணெய் மிச்சம் பிடிக்க அணைக்கப்பட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, கவசத்தோடு ஓடிய போஸ்கோ திறந்து கிடந்த மேடைக்குழியில் விழுந்தான். எக்காளச் சத்தத்தில் எலும்பு முறிந்தது யாருக்கும் கேட்கவில்லை. போஸ்கோ செலிந்தாவின் புருஷன். பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். இப்போது இரண்டு வேலையும் இல்லாமல் கட்டிலில் கிடக்கிறான்.

ஈரக் கூடையோடு அவள் நேரே முதலாளியின் அறைக்குப் போனாள். மற்ற ஏழு வீரர்களும் பின்னால் நின்றார்கள். பின்டி காபியைக் கீழே வைக்கவில்லை.

“ஐயா, அவருக்குக் கால் கூடுற வரைக்கும் கூலி குடுங்க. பழையபடி பதினாறு பேரைப் போடுங்க. பின்னால விளக்கு வைங்க.”

“உன் புருஷனை ஓடச் சொன்னேன். விழச் சொன்னேனா?”

மீன் சந்தைச் சுமைகாரர் ஒரேஸ்தே, எல்லோரிலும் மூத்த வீரர், குறுக்கிட்டார். “ஒரு தடவை நீங்க இருட்டுல ஓடிப் பாருங்க ஐயா. குழி எங்க இருக்குன்னு உங்க காலே சொல்லும்.”

“நூறு வருஷக் கலையைக் காப்பாத்துறவன் நான். ரோமாபுரிப் படையில செத்தவன்கூட நஷ்டஈடு கேட்டதில்லப்பா.”

“செத்தவனுக்கு யாரும் தாடி ஒட்டித் திருப்பி அனுப்பலையே ஐயா” என்றார் ஒரேஸ்தே.

பின்டியின் மீசை துடித்தது. “ஏழு பேர் இருக்கீங்க இல்ல? ஏழு பேரே ஓடுங்க. முடியாதுன்னா போங்க. துறைமுகத்துல வேலையில்லாம எத்தனையோ பேர் நிக்கிறான். கவசம் யார் உடம்புக்கும் பத்தும்.” பிறகு செலிந்தாவைப் பார்த்தார். “நீ இன்னும் வேகமா மாத்திவிடு. கையா அது, ஆமையா?”

அவள் வாய்க்கு மூன்று தெரு பயப்படும். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் திரும்பினாள். அங்கேயே பின்டி உஷாராகியிருக்க வேண்டும்.

உடை அறையில் ரொட்டிக்குள் கடலைமாவு அடை வைத்துத் தின்றபடி பேசினார்கள்.

“யாரும் வராம இருந்துடுவோமா?” என்றார் ஒரேஸ்தே.

“வராட்டி வேற ஆளுக்கு மாட்டிவிடச் சொல்வான்” என்றாள் செலிந்தா. “வாங்க. மேடைக்குப் போங்க. ஆனா இறங்காதீங்க. நடுவுல உக்காந்துடுங்க.”

“எனக்கு வீட்ல நாலு வயிறு இருக்குக்கா” என்றான் வீரர்களில் ஒருவனான பர்தோலோ.

“எங்க வீட்ல மட்டும் என்ன தம்பி, அடுப்பா எரியுது?”

பர்தோலோ அடையை மென்று முடித்தான். “சரி. ஆனா முதல்ல உக்கார்றது நான் இல்ல” என்றான்.

விழாவன்று பெட்டி இருக்கைகளில் மேயரும் பிரபுக்களும் நிறைந்திருந்தார்கள். பின்டி கம்பெனியின் வரலாற்றை நெஞ்சில் கைவைத்துப் பேசி, பாதியில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். இரண்டாம் அங்கம் வந்தது. எக்காளம் முழங்கியது. ஏழு பேர் நுழைந்தார்கள். நடுமேடையில் ஒரேஸ்தே நின்றார், ஈட்டியைக் கீழே வைத்தார், உட்கார்ந்தார். இரண்டாவதாக உட்கார்ந்தவன் பர்தோலோ. மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வாத்தியக்காரர்கள் ஊர்வல இசையை முடித்து, வேறு வழி தெரியாமல் மறுபடி தொடங்கினார்கள்.

“ஏ ஒரேஸ்தே, மிச்சப் பட்டாளம் எங்கப்பா?” மேல்மாடத்திலிருந்து ஒரு குரல்.

“இவ்வளவுதான் பட்டாளம்.”

மாடம் அதிரச் சிரித்தது.

“எட்டுப் பேர் இருந்தீங்களே. போஸ்கோ எங்க?”

பின்திரையை விலக்கிக்கொண்டு செலிந்தா வந்தாள். இடுப்புக் கூடையை மேயருக்கு நேரே கவிழ்த்தாள். சிவப்பும் நீலமுமாய் அங்கிகள், கொத்துக் கொத்தாய்த் தாடிகள்.

“வீட்ல கால் உடைஞ்சு கிடக்கார். இருட்டுல குழியில விழுந்துட்டார். கூலி கேட்டோம். ஏழு பேரே ஓடுங்கன்னு சொல்லிட்டார் முதலாளி.”

சிரிப்பு நின்றது. வாத்தியமும் ஒவ்வொன்றாய் நின்றது. செலிந்தாவும் வீரர்களோடு தரையில் உட்கார்ந்தாள்.

பக்கத்திரை மறைவிலிருந்து பின்டி சீறினார். “மார்த்தினோ, முன்திரையைப் போடு.”

கயிற்றுக்காரர் மார்த்தினோ கைகளைக் கட்டிக்கொண்டார். “கயிறு சிக்கிக்கிச்சு ஐயா.” கயிறு அவர் தோளருகே நேராகத் தொங்கியது.

“போலீஸைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க ஐயா” என்றார் ஒரேஸ்தே. “படைக்கு ஆள் கம்மியாத்தான் இருக்கு.”

போலீஸ் வரத்தான் செய்தது. பூட்ஸ் ஓசை மரப்படிகளில் ஏறியது. ரோமாபுரிச் சீமாட்டிகளாக வேஷமிட்ட கோரஸ் பெண்கள் ஓரமாய் ஒதுங்கி நின்றார்கள். ஊர்வலக்காரர்களோடு ஒரே கொடியில் துணி காயப்போட மாட்டோம் என்கிற ஜாதி அது. அவர்களில் இஜீனியா, எல்லோரையும்விட உயரமாய் மூக்கைத் தூக்கி வைத்திருப்பவள், வெள்ளை அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடுமேடைக்கு வந்தாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காரு செலிந்தா.”

“தரையெல்லாம் தூசும்மா. அங்கி அழுக்காயிடும்.”

“ஆகட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து துவைப்போம்.”

செலிந்தா நகர்ந்து இடம் விட்டாள். இஜீனியாவுக்குப் பின்னால் இன்னும் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவள் இன்னும் நகர்ந்தாள்.