ஹெக்டரின் ஹெக்டேர்

கணக்கு டீச்சரின் கணவரை ஊரில் எல்லோரும் ‘மைக்’ என்றுதான் கூப்பிட்டார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் மேடை. அறிவியல் சொற்களுக்குள் இருக்கும் கிரேக்கப் புராணக் கதைகளைச் சொல்வதுதான் அவருடைய சரக்கு.

அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவளே டீச்சர்தான். சூரியக் கடவுள் ஹீலியோஸின் பெயரில் ஹீலியம், தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாத டாண்டலஸின் பெயரில் டாண்டலம், அவன் மகள் நியோபியின் பெயரில் நியோபியம் என்று உண்மையான சிலவற்றை அவள் சொல்லிக் கொடுத்தாள். அவை தீர்ந்ததும் அவர் சொந்தமாகக் காய்ச்ச ஆரம்பித்தார். காதல் கடவுள் ஈராஸ் மனதை அரிப்பதால் மண் அரிப்புக்கு ‘எரோஷன்’ என்று பெயராம். வீரனைத் தீவில் ஒளித்து வைத்த கலிப்ஸோவிடமிருந்துதான் ‘கால்குலஸ்’ வந்ததாம். காதுக்கு ஒத்துப்போனால் போதும், முடிச்சுப் போட்டுவிடுவார்.

“கால்குலஸ்னா லத்தீன்ல சின்னக் கல்லுங்க. கலிப்ஸோவுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல” என்றாள் ஒரு நாள்.

“தெரியும். எவன் போய் அகராதியப் புரட்டப் போறான்?” என்று பல் குத்தினார் அவர். குத்தி எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மேஜை விளிம்பில் தடவினார். டீச்சர் ஈரத்துணியால் அந்த விளிம்பைத் துடைத்தாள். தெரியாமல் உளறுகிறார் என்றுதான் அதுவரை சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த பரீட்சையில், ஒரு ஹெக்டேர் எத்தனை சதுர மீட்டர் என்று கேட்டிருந்தாள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: ‘ஹெக்டர் என்ற வீரனைக் கொன்று, உடலைத் தேரில் கட்டி இழுத்துச் சென்றார்கள். அப்படி இழுத்த நிலத்தின் அளவே ஒரு ஹெக்டேர்.’

பள்ளி ஆண்டு விழாவில் மைக் பேசியதை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தது அந்தப் பிள்ளை. பத்தாயிரம் என்ற விடை எங்குமே இல்லை.

பார்த்தாலாவது உறைக்கட்டும் என்று விடைத்தாளைக் கணவரிடம் நீட்டினாள். “ஹெக்டோன்னா நூறு. நூறு சதுர மீட்டர் நூறு சேந்தா ஹெக்டேர், அதுலேருந்து வந்த சொல்லு. இந்தப் பிள்ளைக்கு நான் மார்க் போட முடியாது. யாரால?”

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று அவள் கேட்டபோது கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

எதற்கு என்பது நகராட்சி அரங்கில் தெரிந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் நிறைந்திருந்த கூட்டத்தில் டீச்சரும் உட்கார்ந்திருந்தாள். மைக் பேச்சைத் தொடங்கியதுமே திரையில் அந்த விடைத்தாள் விரிந்தது. பெயரை மறைத்திருந்தார், கையெழுத்தை மறைக்க முடியுமா?

“இந்தக் காலத்துப் பிள்ளைங்களோட அறிவைப் பாருங்க. ஹெக்டேர்னா என்னன்னு கேட்டா பொணத்தக் கட்டி இழுக்குது” என்றார்.

அரங்கம் அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் அந்தப் பெண்ணும் சிரித்தாள். பக்கத்திலிருந்த தோழிகள் அவளையே பார்த்ததால் இன்னும் பலமாகச் சிரித்தாள். அவளுடைய அம்மா மட்டும் மகளின் கையெழுத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் எழுந்து நின்றாள்.

“அதைச் சொல்லிக் கொடுத்தது நீங்கதான். எங்க ஸ்கூல் மேடையில, இதே வாயால. பொய்னு தெரிஞ்சே சொன்னீங்க.”

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பிறகு மைக் இரு கைகளையும் விரித்து, “வீட்டுலயும் எனக்கு இப்படித்தாங்க பாடம் நடக்குது” என்றார். முன்பைவிடப் பெரிய சிரிப்பு. கைதட்டல் வேறு. டீச்சர் மூன்றாவது வரிசைக்குப் போய் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள். அவள் தோளை விலக்கிக்கொண்டாள். அம்மாவும் மகளும் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ குழைந்தார்.

“வேற ஒரு சங்கத்துலேருந்து கூப்பிட்டாங்க. நேத்து நம்ம ரெண்டு பேரும் பேசினது நல்லா எடுபட்டுச்சாம். நீயும் வாயேன். அதே மாதிரி நடுவுல எழுந்து சொன்னாப் போதும். அந்த விடைத்தாளையும் போடலாம்.”

வாயில் உணவோடுதான் சொன்னார். உதட்டோரம் எண்ணெய் மினுங்கியது. இத்தனை வருடம் இந்த வாய்க்கு எதிரே உட்கார்ந்து எப்படிச் சாப்பிட்டோம் என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

“என்ன, வரியா?”

“அக்கா வீட்டுக்குப் போறேன்.”

“எப்ப வருவ?”

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். குழாயடியில் சோப்புப் போட்டு, முழங்கைவரை, ரொம்ப நேரம் கையைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு பெட்டியை எடுத்தாள்.