கறிக்கடையக்காவின் மாடு

ஊரில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கறிக்கடையக்கா என்றால் போதும். கெட்ட கறியைத் தின்று ஒரே தெருவில் பல பிள்ளைகள் செத்துப்போன வருடம், சட்டசபைக் குழுவின் முன்னால் போய் நின்று, "விக்கிற நாங்களே கேக்கிறோம், எங்களுக்கு ஒரு கடிவாளம் போடுங்க" என்று பேசியவள் அவள்தான். மொத்த வியாபாரிகள் முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார்கள். அப்படியும் சட்டம் வந்தே விட்டது: அரசாங்க மருத்துவர் பார்த்து முத்திரை குத்தாத கறி அறுப்புக்கூடத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

அந்த வேலைக்கு வந்து சேர்ந்தவர், அவளுடைய மகளைக் கட்டிய கால்நடை மருத்துவர்.

முதல் நாள் கூடத்தில் நிற்க இடமில்லை. முதலாவதாகத் தொங்கியது கறிக்கடையக்காவின் மாடு. மாப்பிள்ளை ஈரலைப் புரட்டினார், நுரையீரலைக் கீறினார். கத்தி அப்படியே நின்றது. உள்ளே மணிமணியாக வெள்ளைக் கட்டிகள். விலா எலும்பின் உட்புறம்வரை பரவியிருந்தன.

"என்ன டாக்டரே, மாமியார் மாடுன்னதும் கை வரலையா?" என்று மொத்த வியாபாரி ஒருவர் சிரித்தார். "சட்டமெல்லாம் நமக்கு மட்டும்தான் போல."

மாப்பிள்ளையின் காது சிவந்தது. "அத்தை..." என்று இழுத்தார்.

அவளே பல்லைப் பார்த்து, நடையைப் பார்த்து வாங்கிய மாடு. வெளியே ஒரு குறை தெரியவில்லை.

"காசநோய்தானே, மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை. உடம்பு பூரா பரவிடுச்சு. ஒரு துண்டுகூடத் தேறாது."

"அப்புறம் என் மூஞ்சியில என்னத்தப் பாக்கிறீங்க? சாயத்த ஊத்துங்க. எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஊத்துங்க."

ஆகாத கறியை யாரும் விற்றுவிடாமலிருக்க ஊற்றும் நீலச் சாயம் தொடைக்கறியில் வழிந்து இறங்கியது. சிரித்த வியாபாரி தன் ஆளுக்குக் கண்ணைக் காட்டினார். வரிசையில் நின்ற அவருடைய மாடுகளில் ஒன்று நைசாக வாசல் பக்கம் நகர்ந்தது.

"அண்ணே, எங்க ஓட்டுறீங்க?" கறிக்கடையக்கா குரல் கொடுத்தாள். "மாமியாரையே விடாத மனுஷன், உங்கள விட்டுடுவாரா?"

கூடமே கொல்லென்று சிரித்தது. மாடு வரிசைக்குத் திரும்பியது.

அவள் கடைக்குப் போய் வழக்கம்போலக் கதவைத் திறந்தாள். கொக்கிகள் வெறுமனே தொங்கின. பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. பையோடு வந்த ஒவ்வொருவரிடமும், "இன்னைக்குக் கறி இல்லம்மா. எங்க மாப்பிள்ளை ஆகாதுன்னு தள்ளிட்டாரு" என்றாள். மகளுக்கு டாக்டர் மாப்பிள்ளை அமைந்ததை ஊருக்கெல்லாம் சொன்னபோதுகூட அவள் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னதில்லை.