ஏறத் தெரிந்த கார்

குபாத் அந்த ஜப்பான் காரை வாங்கி வந்த வருஷம், மலை சூழ்ந்த தலாஸ் ஊரில் எல்லோரும் பீன்ஸ் அறுவடை எப்படி என்று விசாரித்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து ஒரு பொத்தானைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"டிராக்‌ஷன் கன்ட்ரோல். சக்கரம் வழுக்கினா அதுக்கே தெரிஞ்சிடும். தானே பிடிச்சு நிறுத்திக்கும். நம்ம வேல ஸ்டியரிங்க பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதுதான்."

முதல் பனி விழுந்ததும் குளிர்கால டயர் மாற்றத் தெரு முழுக்க டயர் கடைக்கு ஓடியது. குபாத் போகவில்லை. அவனுடைய மனைவி புருல்ச்சா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவள் கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் பழைய ஜிகுலி காரைக் குளிர்காலம் பூராவும் ஓட்டியவள். பனியைக் கவ்வ ஆணி வைத்த டயர் இல்லாமல் அதை அவர் வாசலைத் தாண்ட விட்டதில்லை.

"உங்கப்பன் காருக்கு ஆணி வேணும். அது தகர டப்பா," என்றான் குபாத். "இதுக்கு எதுக்கு?"

"ஏறிடும், சரி. இறங்கணும்ல? நிக்கணும்ல? அதுக்கு டயர்தானேங்க?"

"வா, காட்டுறேன்."

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் கார் பாதி மேட்டில் சக்கரம் சுழன்று பின்னால் சறுக்கியது. குபாத்தின் கார் முன் பலகையில் மஞ்சள் விளக்கு மினுக்க, கொஞ்சம் திணறி, உச்சிக்கே போய் நின்றது. நின்றவர்கள் கை தட்டினார்கள். கார் ஏறியது உண்மை. புருல்ச்சா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் தங்கை அக்மராலுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து காதில் வெள்ளித் தோடு போட்டு உறுதி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். கல்யாண உடை எடுக்கத் தலைநகர் பிஷ்கெக் போக வேண்டும். இரண்டு கணவாய்களைத் தாண்டும் வழி. வேனில் போகலாம் என்றாள் புருல்ச்சா. குபாத்துக்கு முகம் சுண்டிவிட்டது.

"வீட்ல காரை வெச்சுக்கிட்டு வேன்ல போனா ஊர் என்ன சொல்லும்?"

அக்மராலுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தால் குமட்டும். அதனால் முன்னால் ஏறினாள். போகும் வழியெல்லாம் அத்தானைச் சீண்டிக்கொண்டே வந்தாள்.

"அத்தான், உங்க பொத்தானுக்குத் தனியா ஒரு தட்டுல கறி வெக்கணும் போலிருக்கே!"

"வைடீ. உன்னை கல்யாணத்துக்குக் கொண்டு சேக்கப்போறதே அதுதான்."

முதல் கணவாயை வழுக்காமல் தாண்டினார்கள். அடுத்ததன் ஏற்றத்தில் லாரிக்காரர்கள் இறங்கி, விரல் விறைக்க, சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்கள். குபாத் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைக் கடந்தான். மஞ்சள் விளக்கு மினுக்கியது. "பாத்தியா?" என்று கண்ணாடி வழியாக மனைவியைக் கேட்டான். புருல்ச்சா தலையாட்டினாள். அப்படித் தலையாட்டியதை நினைத்துப் பின்னால் அவள் எத்தனையோ முறை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சுரங்கப் பாதையைத் தாண்டி, பிஷ்கெக் பக்கம் இறக்கம். இரண்டாவது வளைவில் ஒரு லாரி ஓரங்கட்டி நின்றிருந்தது. தூரத்திலேயே தெரிந்தது. குபாத் பிரேக்கை மிதித்தான். காலடியில் பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கும் கடகட சத்தம் வந்தது. கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்தான். சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. நேராக, அவசரமே இல்லாமல், வழுக்கிக்கொண்டு போய் லாரியின் பின் மூலையில் இடது பக்கத்தைக் கொடுத்தது. ஜப்பான் காரில் ஓட்டுகிறவன் வலது பக்கம். இடது பக்கம் அக்மரால் இருந்தாள்.

அவள் இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. குபாத்துக்கு நெற்றியில் ஒரு கீறல்.

வந்த போலீஸ்காரர் டயரை விரலால் தடவிப் பார்த்தார். "கோடை டயர். அதுவும் மொட்டை. இதைப் போட்டுக்கிட்டா மலை ஏறினீங்க?" என்றார். குபாத் அவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினான். என்ன பேசினானோ, காகிதத்தில் 'சாலையில் பனி' என்று மட்டும் ஏறியது.

அக்மரால் இன்னும் பிஷ்கெக் ஆஸ்பத்திரியில் கிடக்கையிலேயே, குபாத் தலாஸில் உயிர் தப்பியதற்காக ஆடு அறுத்தான். வந்தவர்கள் தின்று, கை ஏந்திப் பிரார்த்தித்தார்கள்.

"கம்ப்யூட்டர் ஏமாத்திடுச்சு அண்ணே," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். "அந்த நேரம் பாத்து டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேல செய்யல."

"விதிப்பா," என்றார்கள் அவர்கள், எலும்பை உறிஞ்சியபடி.

புருல்ச்சா எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். டயர் என்ற சொல் அங்கே யார் வாயிலும் வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு பை நிறைய ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அக்மராலின் தலையைத் தடவினாள். பிறகு தாழ்வாரத்துக்கு வந்து புருல்ச்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"டாக்டர் என்னம்மா சொல்றாரு? நாளைக்கு ஒரு புள்ள குட்டி தாங்குமா?"

டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றாள் புருல்ச்சா. அந்த அம்மாள் மறுபடி வரவில்லை. பையன் போனை எடுக்கவில்லை. மாதம் ஒன்று கழிந்ததும் அக்மரால் தோட்டைத் தானே கழற்றி அக்காவிடம் கொடுத்தாள்.

"கேட்டு வாங்கிக்க அவங்களுக்குக் கூச்சமா இருக்கும். நாமளே குடுத்தனுப்பிடலாம்."

வசந்தத்தில் காரைத் தட்டி நிமிர்த்தி, சாயம் அடித்து, விற்பனைக்கு நிறுத்தினான் குபாத். பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவர், வயிற்றுப் பிள்ளையோடு இருந்த மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார்.

"குளிர்காலத்துக்கு எப்படி?"

"காட்டாடு மாதிரி ஏறும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்குல்ல!"

புருல்ச்சா கை மாவை உதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏறும்ங்க, அது பொய்யில்ல. ஆனா இறக்கத்துல அந்தப் பொத்தான் ஒண்ணும் செய்யாது. பொத்தானும் நல்லாத்தான் இருந்துச்சு, பிரேக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. டயர் மொட்டை. வாங்கினா மொதல்ல டயர மாத்துங்க. என் தங்கச்சி உள்ள கட்டைய ஊனிக்கிட்டு நடக்குறா. சந்தேகம்னா வந்து பாருங்க."

குபாத்தின் முகம் சாம்பலாகிவிட்டது. "பொம்பளைங்க பேச்சு. பயந்துட்டா, பாவம்," என்று சிரிக்கப் பார்த்தான்.

வாத்தியார் குனிந்து நான்கு டயரையும் பார்த்தார். நிமிர்ந்து குபாத்தின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். கொஞ்ச நேரம் தணிந்த குரலில் பேரம் நடந்தது. பிறகு இருவரும் கை குலுக்கினார்கள். கார் அதே டயர்களோடு வாசலைத் தாண்டியது. வாத்தியார் மனைவி ஜன்னல் வழியே புருல்ச்சாவைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள்.

"சந்தோஷமா இப்போ?" என்றான் குபாத். "உன் வாயால எவ்வளவு நஷ்டம் தெரியுமா?"

அவள் உள்ளே போனாள். அக்மரால் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அவர்கிட்ட சொன்னியாக்கா?"

"சொன்னேன்."

"என்ன செஞ்சாரு?"

"வெலைய கொறச்சுக்கிட்டாரு."

அக்மராலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தாள். புருல்ச்சா சிரிக்கவில்லை. போட்டது போட்டபடி கிடந்த மாவைப் பிசைய உட்கார்ந்தாள்.