பதிவேட்டில் இல்லாத பதினான்கு மணி நேரம்

பதிவேட்டின்படி பாட்டில் பெட்டிக்குள் போய் நாற்பத்தொரு மணி நேரம் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. உண்மையில் இருபத்தேழு மணி நேரம் இருபத்தைந்து நிமிடம். இரண்டாவது கணக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள். வயது இருபத்தாறு. ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்த்துப் பார்க்கும் பிரிவில் வேலை. காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் நோயாளியின் ரத்தத்தைக் கரைசல் உள்ள பாட்டிலில் எடுத்து, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டிக்குள் வைப்பார்கள். கிருமி இருந்தால் பெருகும், பாட்டில் கலங்கும். இப்போது பெட்டிக்குள் இருந்தது அவளுடைய அண்ணனின் ரத்தம்.

முந்தாநாள் மாலை ஆறு மணிக்கு வார்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்கள் பத்துப் பதினைந்து, நடுவில் ஒரு பாட்டில். பாட்டிலில் அண்ணன் பெயர். அந்த லேபில் முதலில் எழுதுவார்கள், பிறகுதான் வைப்பார்கள். அவளும் 'பெட்டிக்குள், 6.10' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். அதோடு வேலை முடிந்துவிட்டதாகக் கைக்குத் தோன்றிவிட்டது போல. குழாய்களை எடுத்து வைக்கும் பழக்கத்தில் தட்டை அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டு வார்டுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்தபோது பாட்டில் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. குளிரில் சில கிருமிகள் செத்துவிடும். சிலது சாகாமல் சுருண்டு கிடக்கும். அதற்குள் அண்ணனுக்குக் கிருமியைக் கொல்லும் மருந்து ஏற ஆரம்பித்திருந்தது. காலையில் எடுத்த இரண்டாவது பாட்டிலை அவ்வளவாக நம்ப முடியாது. அவள் இரண்டையும் பெட்டிக்குள் வைத்தாள். பதிவேட்டை மூடினாள்.

அதிலிருந்து மணிக்கு இரண்டு தடவை பெட்டியைத் திறந்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்.

"ஏம்மா, அடைகாக்கிற கோழியைத் தூக்கித் தூக்கிப் பாத்தா குஞ்சு எங்கேருந்து வரும்?" என்றாள் பக்கத்து மேசைக்காரி. வாய் மூடாமல் பேசுவதால் லேபில் அவளுக்கு வானொலி என்று பெயர். "ஒவ்வொரு தடவையும் சூடு இறங்குது. கதவை மூடுடி."

பாப்பா மூடினாள். மூடிய கதவின் முன்னால் நின்று வேண்டிக்கொண்டாள். கடவுளே, எந்தப் பாட்டிலாவது கலங்கட்டும். கலங்கிவிட்டால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. இந்த ஒரு தடவை. இருபத்தேழு மணி நேரமாக இதே வேண்டுதல்தான், ஒரு வார்த்தை மாறவில்லை.

மத்தியானம் வார்டுக்குப் போனாள். காய்ச்சல் தொடங்கி அது பதினோராவது நாள். அண்ணனின் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வாய் மட்டும் இளைக்கவில்லை.

"வா பாப்பா. என்ன கிடைச்சுது என் ரத்தத்துல? உங்க அண்ணி திட்டுனதெல்லாம் அங்கதான் சேந்திருக்கும், நல்லாத் தேடு."

"திட்டு ரத்தத்துல சேர்ற ஆளா நீங்க? இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுறவரு," என்றாள் அண்ணி. பிறகு பாப்பாவிடம், "சாப்பிட்டியா? மூஞ்சியைப் பாரு, நீதான் நோயாளி மாதிரி இருக்க."

அண்ணன் கண் மூடிக்கொண்டதும் அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர் வந்துட்டுப் போனாரு. ரத்தத்துல கிருமி இல்லன்னு உங்க லேப்ல சொல்லிட்டா சாயந்திரமே ஸ்டீராய்டு ஆரம்பிக்கிறாராம். அது நல்லதுதானே?"

கிருமி இல்லையென்றால் நல்லது. கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால், உடம்பு கொஞ்சநஞ்சம் எதிர்த்து நிற்பதும் நின்றுபோகும். இது பாப்பாவுக்குப் பாடமாகவே தெரியும்.

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணி."

"எனக்கென்ன பயம். மேல கடவுள் இருக்காரு, கீழ நீ இருக்க."

பாப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாள்: "என்ன வேண்டிக்கிறீங்க அண்ணி?"

"முதல்ல அதைக் குடு, இதைக் குடுன்னு பட்டியல் போட்டேன். நாலு நாள்ல பட்டியல் தீந்துபோச்சு. இப்பல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். பயமா இருக்கு, நேத்து ராத்திரி இவர்கிட்ட எரிஞ்சு விழுந்தேன், அதையும் சேத்துத்தான். கடவுள்கிட்ட போய் மறைச்சு என்ன ஆகப்போவுது?" அண்ணி போர்வையை இழுத்துவிட்டாள். "சொன்னா காய்ச்சல் இறங்குதான்னு கேக்காத. இறங்கல. ஆனா தூக்கம் வருது."

பாப்பா லேபுக்குத் திரும்பினாள். பெட்டியைத் திறக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். முப்பது மணி நேரமாகத் தான் கேட்டுக்கொண்டிருந்தது அண்ணனின் உயிரை அல்ல, தன் வாய் திறக்காமல் இருப்பதை என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. கடவுளையும் பதிவேட்டில் பொய்க் கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருக்கிறாள்.

மறுபடி வேண்டிக்கொண்டாள். இந்த முறை பாட்டில் கலங்கட்டும் என்ற பேச்சே இல்லை. நான் ஃபிரிட்ஜில் வைத்தேன், மறைத்தேன், அண்ணன் பிழைக்க வேண்டும், பிழைப்பது என் கையில் இல்லை என்று சொன்னாள். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லாமல் நிறுத்திக்கொண்டாள். உள்ளே ஒன்றும் நிகழவில்லை.

ஐந்தேமுக்காலுக்கு டாக்டர் லேப் வாசலில் நின்றார். ரிசல்ட் அவசரம் என்றால் அவரே இறங்கி வருவார். வார்டில் இருப்புக்கொள்ளாமல் அண்ணியும் பின்னால் வந்திருந்தாள்.

வானொலி பெட்டியைத் திறந்து இரண்டு பாட்டிலையும் விளக்கில் காட்டினாள். இரண்டும் தெளிவாக இருந்தன.

"ரெண்டும் சுத்தம் சார். முதல் பாட்டிலுக்கு நாப்பத்தெட்டு மணி நேரம் ஆகப்போவுது."

"அப்ப பிரச்சனை இல்ல. மருந்துக்கு முன்னாடி எடுத்ததே சுத்தம்னா தாராளமா நம்பலாம்." டாக்டர் பேனாவைத் திறந்தார். "ஸ்டீராய்டு எழுதிடறேன்."

அண்ணியின் முகத்தில் பதினோரு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வரப் பார்த்தது. பாப்பா அதைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எழுதாதீங்க சார்."

மூன்று பேரும் திரும்பினார்கள். அவள் பதிவேட்டைப் பிரித்து, தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"ஆறு பத்துக்கு இந்தப் பாட்டில் பெட்டிக்குள்ள போகல. மறுநாள் காலைல எட்டு மணி வரைக்கும் ஃபிரிட்ஜுல இருந்துச்சு. நான்தான் வச்சேன்."